காகிதத்தில் பாடிய திமிங்கலம், நெற்றி அதிர்ந்த யானை: ஒரு நிகழ்வு ஆய்வு

1960-களில் பெர்முடா தீவில் ஃபிராங்க் வாட்லிங்டன் என்ற பொறியாளர் அமெரிக்கக் கடற்படைக்காக வேலை பார்த்துவந்தார். ஆழ்கடலில் இறக்கிய மைக்குகள் வழியாக வெடிச்சத்தங்களைப் பதிவு செய்வது அவருடைய பணி. அந்தப் பதிவுகளுக்கு இடையே யாரும் எதிர்பாராத சத்தங்களும் வந்து விழுந்தன. நீளமான முனகல், திடீரென்று மேலேறும் கூவல், அடுக்கடுக்கான உறுமல். பாடுவது கூன்முதுகுத் திமிங்கலம் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் வெளியில் சொல்லவில்லை. சொன்னால் திமிங்கல வேட்டைக்காரர்கள் இதை வைத்தே அவற்றைத் தேடிப் பிடிப்பார்கள் என்று பயந்தார். கடைசியில் அந்த ஒலிநாடாக்களை நம்பிக் கொடுத்தது ரோஜர் பெயின், கேட்டி பெயின் என்ற இளம் தம்பதியிடம்.

ரோஜர் உயிரியலாளர்; ஆந்தையும் வௌவாலும் ஒலியை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதில் ஆராய்ச்சி செய்தவர், செல்லோ வாசிப்பவர். கேட்டி கார்னெல் பல்கலைக்கழகத்தில் இசையும் உயிரியலும் சேர்த்துப் படித்தவர். இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது முக்கியமாகக் கேட்டியின் வேலையைத்தான். ஒலியைக் கண்ணால் படிக்கவும், படத்தைக் காதால் சரிபார்க்கவும் தெரிந்த ஒருவர், இரண்டு வெவ்வேறு விலங்குகளிடம் உலகம் தவறவிட்டதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

கேட்டவர்கள் எல்லோரையும் அந்த நாடா உருக்கியது. ஆனால் உருகுவது வேறு, புரிந்துகொள்வது வேறு. ஒரு கூன்முதுகுத் திமிங்கலத்தின் பாட்டு 7 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை ஓடும். முடிந்ததும் இடைவெளி விடாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். இருபது நிமிடம் கழித்து வரும் ஒரு முனகல், முன்பு கேட்ட அதே முனகல்தான் என்று சொல்ல நம் நினைவுக்குத் திராணி இல்லை. அந்த ஒலி நமக்குப் பழகியதும் இல்லை. அதனால் முதல் கேட்பில் இது ஒழுங்கே இல்லாத, முடிவே இல்லாத புலம்பலாகத்தான் படும்.

இந்த இடத்தில்தான் காகிதம் வருகிறது. 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான ஒரு கருவி, ஒலியைப் படமாக வரைந்து தரும். ஸ்பெக்ட்ரோகிராம் என்பார்கள், நாம் ஒலிவரைபடம் என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலாகச் சுருதி ஏறும். கறுப்பு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு உரக்க ஒலித்தது என்று அர்த்தம். அன்றைய இயந்திரத்தில், சுழலும் உருளையில் சுற்றிய தாளை ஓர் ஊசி மின்பொறியால் கருக்கிக்கொண்டே போகும். அறை முழுக்கக் கருகல் நெடி. ஒரு தாளில் சில விநாடி ஒலிதான் அடங்கும். ஒரு முழுப் பாட்டு வேண்டுமென்றால் தாள்களை வரிசையாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தத் தாளில் ஆழ்ந்த முனகல் அடியில் தடித்த பட்டையாக விழும். மேலேறும் கூவல் சாய்ந்த கோடு. உறுமல் வரிசை சீப்பின் பற்கள் போல நெருங்கி நிற்கும்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், ரோஜரோடு சேர்ந்து இந்த ஆய்வைச் செய்த ஸ்காட் மக்வேயும், கணிதம் படித்தவரான அவர் மனைவி ஹெல்லாவும் இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஹெல்லாவின் கண்ணில் பட்டது: இதே வடிவங்கள் இதே வரிசையில் திரும்ப வருகின்றன. மறுபக்கம் ரோஜர் அதே நாடாவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இது ஒரே பாட்டைத்தான் மறுபடி பாடுகிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். ஒருவர் கண் வழி, ஒருவர் காது வழி. 1971 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் ரோஜர் பெயினும் ஸ்காட் மக்வேயும் சேர்ந்து கட்டுரையை வெளியிட்டார்கள். ஒலியலகுகள் சேர்ந்து ஒரு தொடர். அதே தொடர் பல முறை வந்தால் ஒரு பகுதி. பகுதிகள் மாறாத வரிசையில் வந்தால் ஒரு பாட்டு என்று அடுக்கு அடுக்காகப் பிரித்துக் காட்டினார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பகுதிகளின் வரிசைதான் மாறாதது. ஒரு பகுதிக்குள் தொடர் எத்தனை முறை வரும் என்பதற்குக் கணக்குக் கிடையாது. ஒரு சுற்றில் மூன்று முறை வரலாம், அடுத்த சுற்றில் பத்து முறை வரலாம். ஆகவே ஒரு சுற்றின் தாளை அடுத்த சுற்றின் தாள்மேல் வைத்து அப்படியே பொருத்திப் பார்த்தால் பொருந்தாது. வெறும் கண் இரண்டும் வேறு வேறு என்றுதான் சொல்லும். ஒரு பல்லவி வரியைச் சங்கதி சங்கதியாக விரித்துப் பாடினாலும் அது அதே வரிதான் என்று கேட்டுப் பழகிய காதுதான், நீளம் வேறானாலும் பாட்டு ஒன்றே என்று சொல்லத் துணியும். கண்ணுக்கு இருபது நிமிடத்தை ஒரே பார்வையில் பிடிக்கும் வசதி உண்டு. எது 'ஒன்று', எது 'வேறு' என்று தீர்ப்பு சொல்லும் தகுதி அதனிடம் குறைவு. காதுக்கு நேர் எதிர். இரண்டும் ஒரே ஆளிடம், அல்லது ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களிடம் கூடியபோதுதான் அந்தக் கட்டுரை பிறந்தது.

நம் சங்கீதத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. நோட்டுப் புத்தகத்தில் தோடி ராகத்தின் காந்தார சுரம் 'க' என்று ஒரே ஓர் எழுத்து. அதைப் பாடிப் பதிவு செய்து ஒலிவரைபடமாகப் பார்த்தால் மேலும் கீழும் அலையும் கோடு தெரியும், ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. எழுத்து ஒன்றைக் காட்டுகிறது, கோடு இன்னொன்றைக் காட்டுகிறது. அந்த அலைவு பிசிறா, சுரத்தை வேண்டுமென்றே அசைத்துப் பாடும் கமகமா என்பதை மட்டும், தோடி கேட்டவர்தான் சொல்ல முடியும்.

கேட்டி அடுத்து எடுத்துக்கொண்டது பொறுமை வேண்டிய வேலை. தாளில் அச்சான வரைபடத்தைப் பார்த்துவிட்டு மூடி வைக்கவில்லை. பென்சிலை எடுத்துக் கோடு கோடாகக் கையால் பிரதி எடுத்தார். எதிரொலியையும் கடல் இரைச்சலையும் தள்ளிவிட்டு, திமிங்கலம் பாடியதை மட்டும் வரைந்தார். இப்படிப் பல ஆண்டுப் பாட்டுகளை வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, யாரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பாட்டு மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு பருவத்தில் அந்தக் கடற்பகுதியில் பாடும் ஆண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பாட்டைப் பாடுகின்றன. அடுத்த பருவத்தில் அந்தப் பாட்டு கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது, திருத்தத்தையும் எல்லாம் சேர்ந்தே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பெர்முடாவின் 19 ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டு 1985-இல் பெயின் தம்பதி எழுதினார்கள். விலங்குகளிடமும் கற்று, மாற்றி, கைமாற்றும் பண்பாடு உண்டு என்ற இன்றைய பேச்சுக்கு வலுவான ஆதாரங்களில் இது ஒன்று.

பென்சில் பிரதியைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இயந்திரம் தந்த படத்தை மறுபடி கையால் வரைவது வீண் வேலை என்று தோன்றும். ஆனால் கை நகரும் வேகத்தில்தான் கண் நகரும். எந்தக் கோட்டை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு அங்குலத்திலும் முடிவெடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நாடாவைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். பார், கேள், வரை, மறுபடி கேள் என்ற இந்தச் சுழற்சிதான் கேட்டியின் உண்மையான ஆய்வுக்கூடம் என்பேன். இன்றைக்கு ஒலிவரைபடம் கைப்பேசியில் ஒரு தொடலில் வந்துவிடுகிறது. வந்த வேகத்திலேயே மறந்தும் போகிறது.

அதே கேட்டி 1988-இல் லிண்டா கினி என்பவரோடு சேர்ந்து இன்னொன்றையும் எழுதினார். திமிங்கலப் பாட்டின் வெவ்வேறு பகுதிகளில் ஒரே மாதிரி ஒலிக்கும் துண்டுகள் வருகின்றன, எதுகை போல. பாட்டில் பகுதிகள் அதிகமாக இருக்கும்போது, அதாவது நினைவில் வைக்க வேண்டியது நிறைய இருக்கும்போது, இந்த எதுகை அதிகம் தென்படுகிறது. ஞாபகத்துக்கு உதவும் உத்தியாக இருக்கலாம் என்றார்கள். எதுகை மோனையோடு நிகண்டு மனப்பாடம் செய்த மரபில் வந்தவர்களுக்கு இது உடனே உறைக்கும். கவிதையின் கட்டுமானம் தெரியாத ஒருவர் இதே தாளைப் பார்த்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

திமிங்கலப் பாட்டு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 1970-இல் இசைத்தட்டாக வந்தது. ஜார்ஜ் கிரம்ப் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1971-இல் அதன் உந்துதலில் புல்லாங்குழல், செல்லோ, பியானோ மூன்றுக்கும் ஒரு படைப்பை எழுதினார். 1977-இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் ஏறியது. 1979 ஜனவரியில் 'நேஷனல் ஜியோகிராஃபிக்' இதழ் ஒரு கோடியே ஐந்து லட்சம் பிரதிகளில் அதை மெல்லிய தட்டாக இணைத்து அனுப்பியது. வணிகத் திமிங்கல வேட்டையை நிறுத்த சர்வதேசத் திமிங்கல ஆணையம் 1982-இல் வாக்களித்தபோது, திமிங்கலம் என்றால் எண்ணெய்ப் பீப்பாய் என்று நினைத்த ஒரு தலைமுறை, அது பாடும் என்று நினைக்கும் தலைமுறையாக மாறியிருந்தது. அந்த மாற்றத்தில் இந்த ஒலிக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, ஒரு முறை நடந்தது அதிர்ஷ்டம் என்று யாராவது சொல்லலாம். அதனால்தான் இரண்டாவது நிகழ்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது.

1984 மே மாதம் கேட்டி, ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் விலங்குக்காட்சிசாலையில் ஆசிய யானைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். கேட்ட ஒலிகளைக் காட்டிலும் வேறொன்று அவரை உறுத்தியது. அவ்வப்போது காற்றே துடிப்பதுபோல் ஓர் அதிர்வு. காதில் விழவில்லை, உடம்பில் பட்டது. ஊருக்குத் திரும்பும் விமானத்தில் அது எதை நினைவூட்டுகிறது என்று பிடிபட்டது. இளம் வயதில் கார்னெலின் சேஜ் தேவாலயத்தில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகின் இசையைச் சேர்ந்திசைக் குழுவோடு பாடியபோது, பக்கத்தில் நின்ற ஆர்கனின் மிகப் பெரிய குழாய் மிகத் தாழ்ந்த சுரத்துக்கு இறங்கும். அப்போது சுரம் கேட்காது, காற்று மட்டும் அதிரும். யானைகளும் நம் காதுக்குக் கீழே பேசுகின்றனவா?

மனிதக் காதின் கீழெல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 20 அதிர்வு. அதற்குக் கீழே உள்ளதை நம் பாடப்புத்தகங்கள் குற்றொலி என்கின்றன. சாதாரண ஒலிப்பதிவுக் கருவிகள் அந்த இடத்தைச் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் வழக்கமான ஒலிவரைபடத்தில் அது தெரியாது. ஏன் என்றால் அந்தப் படம் 8,000 ஹெர்ட்ஸ் வரை விரியும். 20 ஹெர்ட்ஸ் அதன் அடிக்கோட்டோடு ஒட்டிப் போய்விடும். படம் முழுக்க வெள்ளையாக இருக்கும், யானை ஒன்றும் பேசவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். எங்கே பார்க்க வேண்டும் என்று படம் தானாகச் சொல்லாது. அந்த அடிக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னது, ஒரு தேவாலயத்தில் நின்ற பாடகியின் உடம்பில் பதிந்திருந்த நினைவு.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் உயிரியலாளர் வில்லியம் லாங்பாவர், எழுத்தாளர் எலிசபெத் மார்ஷல் தாமஸ் இருவரோடும், தாழ்ந்த அலைகளைப் பிடிக்கும் கருவிகளோடும் அங்கே திரும்பிப் போனார். பதிவைப் பத்து மடங்கு வேகத்தில் ஓட்டினால் 20 ஹெர்ட்ஸ் 200 ஆகிவிடும், காதுக்கு எட்டும். ஓட்டினார்கள். ஒன்றுமே கேட்காத நேரத்துப் பதிவில் யானைகள் பேசிக்கொண்டிருந்தன. கான்கிரீட் சுவருக்கு இப்பக்கம் ஒரு பெண் யானையும் அப்பக்கம் ஓர் ஆண் யானையும் சும்மா நிற்பதாகத் தெரிந்த நேரமும் அதில் அடக்கம்.

கண்ணுக்கும் இங்கே தனி வேலை இருந்தது. குற்றொலி எழும் நேரத்தில் யானையின் நெற்றித் தோலில் ஓரிடம் படபடவென்று அதிர்வதைக் கவனித்திருந்தார்கள். கூட்டத்தில் பேசுவது எந்த யானை என்று நாடா மட்டும் சொல்லாது, நெற்றி சொல்லும். 1986-இல் வெளிவந்த கட்டுரை, ஆசிய யானையின் அந்த அழைப்புகள் பெரும்பாலும் 14 முதல் 24 ஹெர்ட்ஸுக்குள் அமைகின்றன, 10 முதல் 15 விநாடி நீடிக்கின்றன, ஒரு மீட்டர் தொலைவில் 85 முதல் 90 டெசிபல் வலிமை உள்ளவை என்று பதிவு செய்தது. நிலத்தில் வாழும் பாலூட்டிகளிடம் குற்றொலி அழைப்பு முதல் முறையாக நிறுவப்பட்டது இப்படித்தான்.

17 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 20 மீட்டர். இவ்வளவு நீள அலைக்கு மரமும் புதரும் பெரிய தடை இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். பின்னர் நமீபியாவின் எடோஷாவில் பதிவுகளை ஒலிபெருக்கியில் ஓட்டிப் பார்த்தபோது 2 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த யானைகள் தலை தூக்கி, காது விரித்து, ஒலி வந்த திசைக்கு நடந்தன. தனித்தனியாக மேயும் கூட்டங்கள் ஒரே நேரத்தில் திரும்புவது எப்படி என்று பல காலம் புரியாமல் இருந்த புதிருக்கு அப்போதுதான் விடை கிடைக்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போனால் ஆய்வு முழுமை பெறாது. யானைகள் நம் காதுக்கு எட்டாத ஒலியில் தொடர்புகொள்வதை முதலில் குறித்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; 1912-இல் பிறந்தவர். தாவரவியல் படித்தார், நீர்வண்ண ஓவியம் கற்றார், பல பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்த கனத்த காமிராவோடு காடுகளில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வில், 1972-இலேயே, அவர் இதைத் தொட்டுவிட்டார். கேட்டி போர்ட்லண்டுக்குப் போவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு. வரையும் கண்ணும் கூர்ந்த காதும் ஒரே ஆளிடம் இருந்தன. அந்த அலையைப் பிடிக்கும் நாடாவும் அதைக் காட்டும் தாளும்தான் அவர் கையில் இல்லை. அதனால் அவருடைய கவனிப்பு கவனிப்பாகவே நின்றது. நம் பள்ளிப் பாடங்களில் யானையின் குற்றொலி வரும்போது அவர் பெயரும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கிருஷ்ணனையும் கேட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. கருவி இல்லாமல் பயின்ற புலன்கள் சரியான ஊகம் வரை கொண்டுபோய் விடும், நிரூபணம் வரை போகாது. கருவி மட்டும் இருந்து புலன் பயிலாதிருந்தால் ஊகமே பிறக்காது. ஒலிவரைபடக் கருவி 1940-களிலிருந்தே இருந்தது, விலங்குக்காட்சிசாலை யானைகள் அதற்கு முன்பிருந்தே இருந்தன. நாற்பது ஆண்டு இரண்டையும் யாரும் இணைக்கவில்லை.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவர ஆய்வுக்கூடம் தேவையில்லை. கைப்பேசிப் பதிவும், ஒலிவரைபடம் காட்டும் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளும் போதும். பங்குனி, சித்திரையில் குயில் நமக்குத் தயாராக இருக்கிறது. ஆண் குயிலின் கூவலைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் படத்தை உடனே காட்டிவிடக் கூடாது. முதலில் கண்ணை மூடிக் கேட்கச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில், கேட்டதைக் கோடாக வரையச் சொல்ல வேண்டும். பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை சுருதி ஏறுவதை வரையும். நன்றாகப் படம் போடும் பிள்ளை ஒலியின் தடிமனை வரையும். அதற்குப் பிறகு திரையைக் காட்டினால், ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிடக் கொஞ்சம் உயரத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது தெரியும். செம்மார்புக் குக்குறுவான் கிடைத்தால் இன்னும் நல்லது: ஒரே உயரத்தில், சம இடைவெளியில், புள்ளி புள்ளியாக ஓடும். தாளக் கணக்குக்கு அதைவிட நல்ல படம் வேண்டியதில்லை.

பறவைக் குரலைக் கேட்டதும் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது உண்டு. அவற்றில் சில ஒலியை இப்படிப் படமாக மாற்றி, அந்தப் படத்தைத்தான் அடையாளம் காண்கின்றன. காட்டு யானைகளின் பேச்சை மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்யும் கார்னெல் குழுவும், கேட்டி 1999-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், கணினியைத்தான் முதலில் சலித்தெடுக்க நம்புகிறது. அவ்வளவு மணிநேரத்தை மனிதர் கேட்டு முடிக்க முடியாது என்பதால் அது சரிதான். வகுப்பறையில் செயலியைக் கடைசியில் திறக்கலாம் என்பதே என் கருத்து. பெயர் முதலிலேயே வந்துவிட்டால் யாரும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

படத்தை அப்படியே நம்பிவிடும் ஆபத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஒரே தொண்டையிலிருந்து வரும் ஒலி, அதன் மேற்சுரங்களோடு, அதாவது கூடவே எழும் உயர்ந்த சுருதிகளோடு, சேர்ந்து தாளில் நாலைந்து கோடுகளாக அடுக்கி நிற்கும். புதிதாகப் பார்ப்பவர் நாலைந்து பறவை என்று எண்ணிவிடுவார். எதிரொலி இரண்டாவது பறவையாகத் தெரியும். கறுப்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்தால் மெல்லிய குரல்கள் மறைந்தே போகும். ஒவ்வொரு முறையும் காதுக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்காமல் படத்தைப் படிக்கக் கூடாது.

கடைசியாக ஒரே குயிலின் இரண்டு நாள் பதிவுகளைக் கொடுத்து, இரண்டும் ஒரே பாட்டா வேறு பாட்டா என்று கேட்கலாம். நீளம் வேறாக இருக்கும், தொடக்கம் ஒன்றாக இருக்கும். வகுப்பு இரண்டாகப் பிரியும். கணக்கில் கெட்டி என்று பெயர் வாங்கிய பிள்ளை அளவுகோலை எடுக்கும், பாடத் தெரிந்த பிள்ளை பாடிக் காட்டி வாதாடும். அந்த வாதத்தை ஆசிரியர் அவசரப்பட்டு முடித்து வைக்கக் கூடாது.